விழுந்த இடத்திலேயே தொடங்கும் மருத்துவம்

காலை 11 மணி. பாலெடுப்பு முடிந்து, வாளிகளோடு தொழிலாளர்கள் நிறுவைக் கொட்டகையில் வரிசை பிடித்து நிற்கின்றனர். வரிசையில் நின்ற 52 வயதுப் பெரியவர் ஒருவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அப்படியே சரிந்து விழுகிறார். வாளிப் பால் சிமெண்டுத் தரையில் வழிந்தோடுகிறது. அடுத்து நடக்கப்போவதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த நாம் ஒவ்வொருவரும் அறிவோம். ஒருவர் தண்ணீர் கொண்டுவர ஓடுவார். ஒருவர் தலைத்துண்டை எடுத்து விசிறுவார். வலிப்போ என ஐயுற்ற மற்றொருவர் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார். “வேனைக் கொண்டு வாருங்கள், பெரியப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்” என்று நால்வர் ஒரே குரலில் கூவுவர். வேன் வர ஐந்து நிமிடம். ஏற்றி அமர்த்த மூன்று நிமிடம். செம்மண் சாலையையும் தார்ச்சாலையையும் கடக்க இருபது நிமிடம். மருத்துவமனை வாசலில் மருத்துவர் கைநாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை அசைப்பார். ‘இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருக்கலாமோ’ என்னும் எண்ணத்தை வேன் ஓட்டியவர் ஆண்டுக்கணக்கில் சுமப்பார்.

இது குறிப்பிட்ட ஒரு தோட்டத்தில் நடந்த நிகழ்ச்சியன்று. பாடத்துக்காக நாம் வரைந்துகொண்ட காட்சி. ஆயினும் இதைப் படிப்போரில் பலர் இதனை ஒத்த ஒன்றை நேரில் கண்டிருப்பர். அந்த மக்களிடம் அன்பு குறைவில்லை, விரைவும் குறைவில்லை. பெரியவரின் இதயம் நின்றுபோயிற்று என்பதையும், நின்ற இதயத்துக்குரிய மருத்துவம் விழுந்த இடத்திலேயே தொடங்கவேண்டும் என்பதையும் அவர்களுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. நாமும் ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில் முதலுதவிப் பாடத்தைக் காயத்துக்குக் கட்டுப் போடுவதோடு முடித்துக்கொண்டவர்களே. அந்தக் குறையை இங்கே ஒருவாறு ஈடு செய்ய முயல்கிறோம்.

மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு

நம் பேச்சு வழக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கும் மாரடைப்பு. பேச்சு மூச்சின்றிக் கிடப்பவருக்கும் மாரடைப்பு. மருத்துவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை.

ஆற்றோரம் நின்று தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். அதற்கு எண்ணெய் செல்லும் சிறு குழாயில் அழுக்கு அடைத்துக்கொண்டால் இயந்திரம் திணறும், சூடேறும், ஓசை மாறும்; ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும். மாரடைப்பு இத்தகையது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் அடைப்பு விழுகிறது. நோயாளி விழித்திருப்பார், பேசுவார். நடுநெஞ்சில் மூட்டையை ஏற்றி வைத்தது போன்ற பாரம் இருக்கும். அது இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவலாம். குளிர்ந்த வியர்வை கொட்டும். நீரிழிவு உடையோர் சிலருக்கும் பெண்கள் சிலருக்கும் வலியே தெரியாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் தோன்றுவதுண்டு. ‘வாய்வுதான்’ என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டு மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்பவர்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இதய நிறுத்தம் என்பது இயந்திரமே நின்றுபோவது. மாரடைப்பு முற்றி அவ்வாறு ஆகலாம். மின்சாரம் தாக்கியும், மின்னல் தாக்கியும், நீரில் மூழ்கியும் ஆகலாம். விழுந்தவர் அழைத்தால் விழிக்கமாட்டார்; முறையாக மூச்சு விடவும் மாட்டார்.

நின்றுபோன இதயம் எப்போதும் அசைவற்றுக் கிடப்பதில்லை என்பதையும் இங்கே அறிதல் வேண்டும். தேர்த் திருவிழாவில் நூறு பேர் ஒரே மூச்சில் வடம் இழுத்தால் தேர் நகரும். அந்த நூறு பேரும் அவரவருக்குத் தோன்றிய நேரத்தில் இழுத்தால் வடம் அதிரும், தேர் அசையாது. திடீரென விழுந்தவர்களில் பலருக்குத் தொடக்கத்தில் இதயத்தின் நிலை இதுவே. தசையிழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நடுங்குகின்றன. ஒரு துளி இரத்தமும் முன்னேறுவதில்லை. இதனைக் கீழறை நடுக்கம் என்பர். மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, அந்த நூறு பேரையும் ஒரு கணம் வடத்தைக் கைவிடச் செய்கிறது. பிறகு இதயத்தின் இயல்பான தாளக்காரன் மீண்டும் குரல் கொடுத்தால் எல்லாரும் ஒன்றாக இழுக்கத் தொடங்குவர்.

கருவி வரும்வரை மூளை காத்திருக்குமா என்பதே கேள்வி. இரத்தம் வராவிட்டால் 4 முதல் 6 நிமிடங்களில் மூளை பழுதுபடத் தொடங்குகிறது. நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. யாரேனும் ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் அந்தக் குறைவு 3 அல்லது 4 விழுக்காடாகச் சுருங்குகிறது. பட்டணத்து மக்களுக்கே இக்கணக்கு கடுமையானது. பெருஞ்சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நமக்கோ, ஆம்புலன்ஸ் வருவதற்குள் கழியும் நேரம் முழுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

மருத்துவமனைச் சுவரைத் தாண்டி வந்த கதை

இந்த மருத்துவம் தெருவுக்கும் வயலுக்கும் வந்த வரலாறு தொழிலாளர் அறியத்தக்கது. அதன் தொடக்கமே தொழிலாளர் சாவுதான். அமெரிக்காவில் மின்கம்பி வேலை செய்தோர் மின்சாரம் தாக்கி மாண்டனர். அதைத் தடுக்கும் வழியை ஆராய்ந்தவர்களில் ஒருவர் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் வில்லியம் கோவன்ஹோவன். அவருடன் ஆராய்ந்த நிக்கர்பாக்கர் என்னும் இளைஞர், நாயின் மார்பில் கனத்த மின்தகடுகளை வைத்து அழுத்தியபோது, மின்சாரம் பாயும் முன்பே இரத்த அழுத்தம் சற்று எழுவதைக் கண்டார். அதுவரை நின்ற இதயத்தை இயக்க மார்பை அறுத்துத் திறந்து கையால் பிசைந்து வந்தனர். ஜேம்ஸ் ஜூட் என்னும் அறுவை மருத்துவரும் சேர்ந்து ஆராய்ந்ததில், மார்பைத் திறவாமல் மேலிருந்து அழுத்தினாலே இரத்தம் ஓடும் என்பது உறுதியாயிற்று. 1960-ஆம் ஆண்டில் மூவரும் இதனை வெளியிட்டனர். கத்தி வேண்டாம், மருந்து வேண்டாம் என்றான பிறகு, மருத்துவமனைக்கு வெளியேயும் இதைச் செய்யலாம் என்றாயிற்று.

அடுத்து, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்னும் இதய மருத்துவர், நோயாளி வரும்வரை மின்னதிர்ச்சிக் கருவி மருத்துவமனையில் காத்திருப்பதில் பொருளில்லை என எண்ணினார். 1966-இல் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். கார் மின்கலங்களால் இயங்கிய அந்த முதற் கருவியின் எடை 70 கிலோ. இன்று ஒரு சிறுவன் தூக்கிச் செல்லும் பெட்டியாக அது சுருங்கிவிட்டது.

ஆனால் நம் மனத்தைப் பெரிதும் தொடுவது பிட்ஸ்பர்க் நகரத்துக் கதை. அந்நகரில் நோயாளிகளைக் கொண்டு சென்றவை பெரும்பாலும் போலீஸ் வண்டிகளே. பயிற்சியற்ற காவலர்கள் தூக்கிப் பின்புறம் கிடத்தி, கதவைச் சாத்திவிட்டு ஓட்டுவர். 1966 நவம்பரில் அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்டமொன்றில் விழுந்தார். அவரையும் போலீஸ் வண்டிதான் ஏற்றிச் சென்றது. மருத்துவமனையில் இதயம் மீண்டும் துடித்தது, நினைவு திரும்பவில்லை, அம்மாதமே காலமானார். ஆளுநருக்கே அந்த நிலையென்றால் குடிசைவாசிக்கு என்ன நிலை என்று சொல்ல வேண்டுவதில்லை.

அவ்வூரில் பீட்டர் சேஃபர் என்னும் மயக்க மருத்துவர் இருந்தார். வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் முறையை 1950-களில் ஆராய்ந்து நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். ஆம்புலன்ஸில் செல்வோர் வெறும் ஓட்டுநர்களாக இருத்தல் கூடாது, மருத்துவம் தெரிந்தவர்களாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1967-இல் அவர் பயிற்சிக்குத் தேர்ந்தவர்கள் யார் தெரியுமா? ஹில் வட்டாரம் என்னும் கறுப்பின ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். வேலைக்கு உதவார் என ஊரார் ஒதுக்கியவர்களும், உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தனர். சுமார் 300 மணி நேரம் உடற்கூறும் முதலுதவியும் அவசர மருத்துவமும் பயின்றனர். ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை என்ற பெயரில் தங்கள் மக்களுக்காகவே வண்டி ஓட்டினர். பாரமெடிக் எனப்படும் அவசர மருத்துவத் துணையாளர் என்னும் தொழில் உருப்பெற்ற இடங்களுள் அதுவும் ஒன்று. 1975-இல் நகர நிர்வாகம் தானே ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியதும் அந்தச் சேவை மூடப்பட்டது. அதைக் கட்டி எழுப்பியவர்களில் பலருக்குப் புதிய அமைப்பில் இடமும் நிலைக்கவில்லை. இது வருத்தத்துக்குரியதே, எனினும் அவர்கள் பயின்ற முறை நாடெங்கும் பரவியது.

நமக்கும் இதையொத்த மரபு உண்டு. தோட்டங்களில் ‘டிரெஸ்ஸர் ஐயா’ என்று நம் முன்னோர் அழைத்தவர், பெயரளவில் புண்ணுக்குக் கட்டுப் போடுபவர். செயலளவில் பிரசவம் முதல் மலேரியாவரை பார்த்தவர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965-இலும், நாட்டின் மருத்துவ உதவியாளர் அனைவருக்குமான பதிவுச் சட்டம் 1977-இலும் வந்தன. இன்று அவர்கள் உதவி மருத்துவ அதிகாரிகள். அரசு ஆம்புலன்ஸில் நம் தோட்டத்துக்கு வந்து இறங்குவோருள் பெரும்பாலும் அவர்களில் ஒருவர் இருப்பார். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் மூன்றாண்டு டிப்ளோமா பயின்று இப்பணிக்கு வரலாம் என்பதை, வீட்டில் பிள்ளைகளை வைத்திருப்போர் குறித்துக்கொள்வது நன்று.

அழைப்பது எப்படி?

999 என்னும் எண்ணை அழைப்பதற்குக் கட்டணமில்லை. கைத்தொலைபேசியில் 112 என அழுத்தினாலும் அங்கேயே சேரும். முதலில் பேசுபவர் மருத்துவர் அல்லர். போலீஸ் வேண்டுமா, தீயணைப்பு வேண்டுமா, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டு, உரியவரிடம் இணைப்பார். இந்த இடைவெளியில் ‘தொடர்பு அறுந்துவிட்டது’ என எண்ணி வைத்துவிடுவோர் உண்டு. வைத்தல் கூடாது. மறுமுனையில் மலாய் மொழியில் கேட்பர். பதற்றத்தில் மொழி தடுமாறும். ஆதலால் மூன்று தொடர்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். ‘தாக் செடார்’ என்றால் நினைவில்லை. ‘தாக் பெர்னாஃபாஸ்’ என்றால் மூச்சில்லை. ‘லாடாங்’ என்று தொடங்கித் தோட்டத்தின் பெயரைச் சொல்லவேண்டும். முதல் இரண்டு தொடர்களையும் கேட்டவுடனே மறுமுனையிலிருப்பவர் இது இதய நிறுத்தம் என உணர்ந்து, நெஞ்சை அழுத்துவது எப்படி என்று சொல்லித்தரத் தொடங்குவார். தொலைபேசியை ஒலிபெருக்கி நிலையில் வைத்து நோயாளியின் அருகே தரையில் வைத்துவிட்டால் இரு கைகளும் வேலைக்கு விடுபடும்.

தோட்டத்தின் பெயர் என்றோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலகையில் எழுதிய பெயர் ஒன்று. பழைய துரையின் பெயரையோ கங்காணியின் பெயரையோ வைத்து நாம் தலைமுறை தலைமுறையாய் வழங்கும் பெயர் வேறொன்று. தோட்டம் கைமாறும்போது பலகையும் மாறிவிடுகிறது. நம் வாய்வழக்குப் பெயரைச் சொன்னால் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ஒன்றும் விளங்காது. பலகையிலுள்ள பெயர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் செல்லும் சாலை, எத்தனையாவது கிலோமீட்டர் கல், எந்தப் பள்ளிக்கு அல்லது கோவிலுக்கு எதிர்ப்புறம், எந்த டிவிஷன் என்னும் இவற்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தொலைபேசியில் இருப்பிடத்தை அனுப்பத் தெரிந்த இளைஞர்கள் அதையும் அனுப்பலாம்.

அழைத்தபின், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் ஒருவர் பெருஞ்சாலை முனைக்குப் போய் நிற்கவேண்டும். வழியில் தடுப்புக் கதவு இருந்தால் திறந்து வைத்துவிட்டுச் செல்லவேண்டும். காவலாளியைத் தேடி வண்டி நின்றால் போகும் நிமிடம் யாருடையது? ரப்பர் நிரைகளுக்கிடையே பாதைகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பிறந்தது முதல் நடந்து பழகிய நமக்கு அது தெரிவதில்லை. புதியவருக்கு ஒவ்வொரு பிரிவும் ஒரு புதிர். ஆகவே பிரிவுக்கு ஒருவர் நிற்றல் நலம். இரவானால் முகப்பு விளக்கை எரியவிட்டு நிற்கவேண்டும். நாய்களைக் கட்டவேண்டும். தொடர்பு கிட்டாத காடுகளில் வெட்டுவோர், எந்த மேட்டில் ஏறினால் தொடர்பு கிட்டும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

கைகளின் வேலை

ஒருவர் அழைக்கும்போதே மற்றொருவர் தொடங்கிவிட வேண்டும். தனியாக இருந்தால் அழைத்துவிட்டுத் தொடங்கலாம். விழுந்தவரின் தோள்களைத் தட்டி உரக்க அழையுங்கள். விழிக்கவில்லையா? மார்பு முறையாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். 10 வினாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருத்தல் கூடாது.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இதயம் நின்ற சில நிமிடங்கள்வரை சிலர் கரையில் போட்ட மீனைப்போல் வாயைத் திறந்து திறந்து மூடுவர். குறட்டை போன்ற ஓசையும் எழும். ‘மூச்சு இருக்கிறது, பயமில்லை’ என்று சுற்றியிருப்போர் ஆறுதலடைந்து கை கட்டி நிற்பர். அது மூச்சன்று. மூளையின் அடித்தண்டு அனுப்பும் கடைசிச் சைகை அது. நினைவின்றி, இடைவிட்டு இவ்வாறு இழுப்பவரைக் கண்டால் இதயம் நின்றதென்றே கொண்டு அழுத்தத் தொடங்கவேண்டும். விழுந்தவுடன் கைகால் சற்று வெட்டி இழுப்பதும் உண்டு; அதைக் காக்காய் வலிப்பு என்று எண்ணிச் சாவியைத் தேடவேண்டா. வலிப்பாக இருந்தாலும் சாவியால் ஆவது ஒன்றுமில்லை. வாயில் தண்ணீர் ஊற்றுவதோ கேடு. அது நுரையீரலுக்குள் போகும்.

கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மெத்தையும் வேன் இருக்கையும் உதவா. அழுத்தம் முழுவதையும் பஞ்சு விழுங்கிவிடும். மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்காமல், தோள்கள் கைகளுக்கு நேர் மேலே வருமாறு மண்டியிடுங்கள். பெரியவர்களுக்கு அழுத்தம் 5 சென்டிமீட்டர் ஆழமாவது இறங்கவேண்டும். 6-ஐத் தாண்ட வேண்டா. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலெழ விடவேண்டும். இதயத்துக்குள் இரத்தம் மீண்டும் நிறைவது அப்போதுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு.

மரம் வெட்டிப் பழகிய கைகளுக்கு வலிமை உண்டு. ஆனாலும் இந்த வேலையைக் கையின் வலிமையால் செய்யலாகாது. உடலின் பாரத்தால் செய்யவேண்டும். எத்தகைய பலசாலியும் இரண்டு நிமிடத்தில் தளர்வார். தளர்ந்ததைத் தாமே உணரமாட்டார். ஆகையால் பக்கத்தில் நிற்பவர் உரக்க எண்ணி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றவேண்டும். பட்டணத்தில் தன் மனைவியைத் தனியே அழுத்திக்கொண்டிருக்கும் கணவனுக்குக் கிட்டாத வசதி இது. நிறுவைக் கொட்டகையில் எப்போதும் முப்பது பேர் இருக்கிறோம்.

அழுத்தும்போது விலா எலும்பு முறியும் ஓசை கேட்கலாம். கேட்டால் நிறுத்தவேண்டா, எலும்பு கூடிவிடும். விழுந்தவர் பெண்ணாயினும் இடமும் அழுத்தமும் அவையே. கூச்சத்தால் ஆண்கள் விலகி நிற்பதும், பெண்கள் பொறுப்பானவரைத் தேடி ஓடுவதும் நாம் பலமுறை கேள்வியுற்ற செய்தி. ஒரு துண்டை மேலே விரித்துவிட்டு அழுத்தலாம். எந்தப் பெண்ணும் எந்த ஆணுக்கும், எந்த ஆணும் எந்தப் பெண்ணுக்கும் இதைச் செய்யலாம். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாய்வழி மூச்சளிப்பர். பயிற்சியில்லாதவர் அழுத்தினாலே போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியோருக்கும் மூச்சளித்தல் இன்றியமையாதது. அம்முறையைப் பயிற்சியில்தான் கற்கவேண்டும்.

மின்னலைப் பற்றியும் ஒரு சொல். மாலை மழைக்குமுன் காட்டில் மின்னல் தாக்கிச் சிலர் ஒன்றாக விழுந்தால், அலறுபவரை விட்டுவிட்டு அசைவற்றுக் கிடப்பவரிடம் முதலில் செல்லவேண்டும். அலறுபவருக்கு மூச்சிருக்கிறது. அசைவற்றவரின் இதயம் நின்றிருக்கலாம். உடனே உதவினால் மீளவும் வாய்ப்புண்டு. மின்னல் பட்டவரைத் தொட்டால் மின்சாரம் தாக்கும் என்பது வீண் அச்சம். மின்கம்பியைத் தொட்டவருக்குத்தான் முதலில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும்.

அவர்கள் வந்தபின்

ஆம்புலன்ஸிலிருந்து இறங்குவோர் ஓடிவந்து நோயாளியை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறப்பார்கள் என எதிர்பார்க்கிறோம். அவர்களோ தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுகின்றனர். ‘ஏன் ஏற்றவில்லை? என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?’ என்று உறவினர் கடிந்துகொள்வதும், கைகலப்பு அளவுக்குப் போவதும் நடக்கின்றன. இவ்விடத்தில் நாம் பொறுமையாக அறிந்துகொள்ள வேண்டியது உண்டு.

அவர்கள் உங்களை உடனே விலகச் சொல்லமாட்டார்கள். நீங்கள் அழுத்துவது சரியாக இருந்தால் ‘தொடருங்கள்’ என்பர். அதற்குள் ஒருவர் சட்டையைக் கத்தரித்து, மார்பில் வியர்வையோ ரப்பர் பாலோ இருந்தால் துடைத்து, வலப்புறம் கழுத்தெலும்புக்குக் கீழே ஓர் ஒட்டுத்தகடும், இடப்புறம் அக்குளுக்குக் கீழே மற்றொன்றும் ஒட்டுவார். சில வினாடி அழுத்தத்தை நிறுத்தித் திரையைப் பார்ப்பார். முன்சொன்ன நடுக்கம் தென்பட்டால் எல்லாரையும் விலகச் சொல்லி மின்னதிர்ச்சி கொடுப்பார். கொடுத்த மறுகணமே, இதயம் துடிக்கிறதா என்று காத்திராமல், மீண்டும் அழுத்தம் தொடங்கும். திரையில் நேர்க்கோடு மட்டும் ஓடினால் மின்னதிர்ச்சி கொடுக்கமாட்டார். அந்நிலையில் அதனால் பயனில்லை. நேர்க்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து உயிர்ப்பிப்பதெல்லாம் திரைப்படக் கற்பனை. அதைப் பார்த்துப் பழகியவர்கள், ‘கருவியிருந்தும் கொடுக்கவில்லை’ என்று குறை கூறுகின்றனர்.

மற்றொருவர் தலைமாட்டில் அமர்ந்து முகமூடிப் பையால் மூச்சளிப்பார். தேவையானால் தொண்டையில் குழாய் செலுத்துவார். கையில் இரத்தக் குழாய் கிட்டாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள்ளேயே ஊசி ஏற்றி மருந்து கொடுப்பதும் உண்டு. அட்ரினலின் என்னும் மருந்தை 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை செலுத்துவர். வெளிமூச்சில் வரும் கரியமில வாயுவை அளக்கும் கருவி இருந்தால் அதன் எண்ணையும் கவனிப்பர். அது திடீரென ஏறினால் இதயம் மீண்டும் ஓடத் தொடங்கியதற்கு அறிகுறி.

மருத்துவமனையிலும் முதலில் செய்யப்போவது இவையே. ஓடும் வண்டியில், அதுவும் நம் செம்மண் பாதையின் குலுக்கலில், நின்றபடி நெஞ்சைச் சீராக அழுத்துவது அரிது. ஆகவேதான் இதயம் திரும்பும்வரை தரையிலேயே போராடுகின்றனர். இதே காரணத்தால் நம் வேனும் உதவாது. ‘ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆகும், வேனில் இருபது நிமிடத்தில் போய்விடலாம்’ என்னும் வாதம் கணக்குப் போலத் தோன்றுகிறது. ஆனால் முன்னது அழுத்தம் நடக்கும் அரைமணி. பின்னது அழுத்தமற்ற இருபது நிமிடம். மூளைக்கு இருப்பதோ நான்கைந்து நிமிடம். நெஞ்சுவலியோடு விழித்திருப்பவரின் நிலை வேறு. அவரை நடக்கவிடாமல், மோட்டார் சைக்கிளில் அமர்த்தாமல், சாய்ந்து உட்காரவைத்து, 999-இல் கேட்டு அவர்கள் சொல்வதைச் செய்யலாம்.

ஒன்றை மறைத்துப் பாடம் நடத்துவது நேர்மையாகாது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டிலும் பிழைப்பதில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் இழக்கலாம். நெடுநேரம் போராடியபின் நிறுத்தவேண்டிய நிலையும் வரும். அதனை அறிவிக்கும் கடமையும் வந்தவர்களுடையதே. அப்போது, முன்னின்று அழுத்தியவரை நோக்கி ‘நீ சரியாக அழுத்தவில்லை’ என்று எவரும் சொல்லாதிருப்பது நம் கடமை. பிழைப்பவர்களில் பலர், விழுந்த மறுநிமிடமே யாரோ ஒருவர் மண்டியிட்டதால் பிழைத்தவர்கள்.

இதயம் திரும்பிவிட்டால் வண்டி புறப்படும். அதற்குள் வந்தவர்கள் கேட்பவை சில: எத்தனை மணிக்கு விழுந்தார், விழுந்ததை யார் கண்டார், எப்போது அழுத்தத் தொடங்கினீர்கள், என்ன மருந்து உட்கொள்கிறார். வீட்டிலிருந்து இரத்த அழுத்த மாத்திரைப் பையையும் கிளினிக் அட்டையையும் அடையாள அட்டையையும் எடுத்துவர, தொடக்கத்திலேயே ஒரு பிள்ளையை அனுப்பிவைத்தால் அந்நேரத்தில் தேட வேண்டியிராது.

மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் இந்தப் பயிற்சியை அளிக்கின்றன. தோட்டத் தொழிற்சங்கக் கிளையோ கோவில் நிர்வாகமோ பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ எழுதிக் கேட்கலாம். ஒருநாள் பிற்பகல் போதும். அதுவரை, பலகைப் பெயர், சாலை, கிலோமீட்டர் கல், டிவிஷன், அந்த மூன்று மலாய்த் தொடர்கள் ஆகியவற்றை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, நிறுவைக் கொட்டகையிலும் ஆயக்கொட்டகையிலும் ஒட்டிவைக்கலாம். பயிற்சிக்கு வருவோர் கெட்டியான தலையணை ஒன்றைக் கொண்டு வரட்டும். பயிற்சிப் பொம்மை பெரும்பாலும் ஒன்றே இருக்கும். முறை வரும்வரை அதன்மேல் எண்ணிப் பழகலாம்.